கல்லுக்கு முன்னால் மரம் இருந்தது

வெனிஸ் ரியால்டோ பாலத்தைப் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் 1591இல் முடிந்த கல் பாலத்தோடு கதை தொடங்குவதுபோல எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய நானூறு வருடத்தையும் சொல்லியிருக்கலாம்.

அந்த இடத்தில் முதலில் இருந்தது மிதவைப் பாலம். அப்புறம் கரையில் சந்தை பெருகப் பெருக, கூட்டம் தாங்காமல் மரப் பாலம் போட்டார்கள். உயரமான பாய்மரக் கப்பல் வந்தால் நடுப்பகுதியைத் தூக்கி வழிவிடுவார்கள். 1310இல் ஆட்சிக்கு எதிராக நடந்த கலகத்தில் அது எரிந்தது. 1444இல் படகு ஊர்வலம் பார்க்க ஏறிய கூட்டத்தின் பாரம் தாங்காமல் இடிந்தது. 1524இல் மறுபடியும் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் திரும்பக் கட்டினார்கள். ஏனென்றால் 1854 வரை, வெனிஸின் முக்கிய நீர்வழியான பெரிய கால்வாயைக் (Grand Canal) கடக்க வேறு பாலமே கிடையாது! கார்பாச்சோ வரைந்த ஓவியம் ஒன்றில் அந்த மரப் பாலத்தை இன்றும் பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கல் பாலத்தைவிட அதன்மேல்தான் பிரியம் அதிகம்.

கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை சுற்றுலாவுக்காகப் பின்னால் வந்தவை அல்ல. மரப் பாலத்தின் இரு ஓரங்களிலும் 15ஆம் நூற்றாண்டிலேயே கடைகள் இருந்தன. அந்த வாடகைப் பணம் பாலத்தின் பராமரிப்புக்கு உதவியது.

கல் பாலத்துக்கு ஒரே வளைவு போதும் என்று அதை வடிவமைத்த அந்தோனியோ தா போன்தே சொன்னபோது, இது நிற்காது என்று ஸ்கமோட்சி போன்ற கட்டடக் கலைஞர்களே எதிர்த்தார்கள். சேற்றில் ஆயிரக்கணக்கான மரக்கழிகளை அடித்து இறக்கி, அதன்மேல்தான் அடித்தளம் போட்டார்கள். கல் பாலத்தையும் இன்றுவரை அடியில் தாங்குவது மரம்தான்.