எல்லாம் பச்சை, ஆனால் அலைன்மென்ட் மட்டும் ஆகவில்லை

போர்ஷே 993-க்கு (தொண்ணூறுகளில் வந்த 911 மாடல்) பின்பக்க அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் வேலை, செய்யணும் என்று எந்தப் பட்டறையில் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கொண்டு வாங்க சார், கம்ப்யூட்டர் மெஷின் இருக்கு." இருக்கட்டும். அந்த மெஷின் என்ன செய்யும்? கார் அசையாமல் நிற்கும்போது கேம்பரையும் (சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவு) டோவையும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) அளக்கும், அதோடு சரி.

இந்தக் காரில் பின்பக்கம் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, கைனமேட்டிக் டோ. சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது டோ எவ்வளவு மாற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற செட்டிங். முந்தைய மாடலான 964 வரை பின் சஸ்பென்ஷன் செமி ட்ரெயிலிங் ஆர்ம் (சக்கரத்துக்கு ஒரே பெரிய கை), இந்தத் தொல்லை கிடையாது. 993-இல் மல்டிலிங்க் (ஒரு சக்கரத்தைப் பல கைகள் பிடிக்கும் அமைப்பு) வந்தது, கூடவே இதுவும் வந்தது. இதை அளக்க சஸ்பென்ஷன் ஆர்ம் மேலேயே பொருத்திப் பார்க்கிற தனி கேஜ் (அளவுகருவி) வேண்டும். அது இல்லாமல் செய்தால் மெஷின் ஸ்கிரீனில் எல்லாம் பச்சையாகத்தான், அளவு சரி என்றுதான், இருக்கும், ஆனால் வேகமாக வளைவு எடுக்கும்போது நடுவில் ஒரு சின்ன மேடு வந்தால் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும், அதுவும் எஞ்சின் மொத்தமும் பின் அச்சுக்குப் பின்னால் தொங்குகிற காரில்!

சரி, கேஜை வாங்கிவிடலாம் என்று தேடினால் அது வேறு கொடுமை. கார் உற்பத்தி 1998-லேயே முடிந்துவிட்டது. பழைய ஒரிஜினல் எப்போதாவது விற்பனைக்கு வரும், போட்டோவில் பாதி பாகத்தைக் காணோம், விலையில் மட்டும் குறை இல்லை. "993 அலைன்மென்ட் கிட்" என்று தலைப்பு போட்டிருப்பார்கள், திறந்து பார்த்தால் நூல் கட்டி டோ பார்க்கிற ஸ்டாண்ட். அது எந்தக் காருக்கும் ஆகும், இதற்கு எதற்கு இந்தப் பெயர்? நகல் செய்து விற்கிறவரிடம் "ஜீரோவை எதை வைத்துச் சரிபார்த்தீங்க" என்று கேட்டால் அப்புறம் பதிலே வராது. ஜீரோ தெரியாத கேஜ் வெறும் இரும்புத் துண்டு. விவரம் தெரிந்த இடங்களில் கேட்டால் "இருந்துச்சு, எங்க போச்சுன்னு தெரியல" என்கிறார்கள்.

இவர்களைக்கூட மன்னிக்கலாம். "அதெல்லாம் தேவையில்லை, நாங்க தொட மாட்டோம், கம்பெனி செட்டிங்லயே இருக்கும்" என்று சொல்கிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை. காரைத் தாழ்த்தி, ஆர்ம் புஷ் (ஆர்ம் மூட்டுகளில் இருக்கும் ரப்பர்) எல்லாம் மாற்றிய பிறகு எந்தக் கம்பெனி செட்டிங் அங்கே மிச்சம் இருக்கும்? மூன்றில் ஒன்றைத் திருப்பினால் மற்றவையும் நகரும், அளவை மாற்றத் திருப்ப வேண்டிய எக்சென்ட்ரிக் போல்ட்டோ துருப்பிடித்து இறுகிக் கிடக்கும், எப்படியோ இளக்கிச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தால் நட்டை இறுக்கும்போது போல்ட்டும் கூடவே சுற்றிக்கொள்ளும். அந்தச் சந்துக்குள் போகிற ஸ்பேனரும் சாதாரண செட்டில் இருக்காது.

கேஜ் இல்லாமலும் பார்க்கலாம்தான். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பை (சக்கரம் மாட்டுகிற நடுப்பாகம்) ஜாக்கியில் 10 மில்லிமீட்டர் 10 மில்லிமீட்டராக ஏற்றி, ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு டயல் கேஜில் டோ மாற்றத்தைக் குறித்துக்கொண்டே போகணும். ரேஸ் கார்க்காரர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் மேனுவலில் போட்டிருப்பது அந்தத் தனி கேஜில் படிக்க வேண்டிய அளவு! நான் மில்லிமீட்டரில் எழுதிவைத்த வளைகோட்டை அதோடு எப்படி ஒப்பிடுவது?

யாருடைய டிராயரிலாவது அந்த கேஜ் சும்மா தூங்கினால், புண்ணியமாகப் போகும், விற்க வேண்டாம், வாடகைக்காவது விடுங்கள்.