மீட்டர் மாற்றினால் 100 யூனிட் இலவசம் போய்விடுமா?

"சக்கரம் சுற்றும் பழைய மீட்டரை மாற்ற விடாதீர்கள், 100 யூனிட் இலவசம் ரத்தாகிவிடும், புது மீட்டர் வேகமாக ஓடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வீட்டு இணைப்புக்குத் தரப்படுகிறது, மீட்டருக்கு அல்ல. மாற்றும் நாளில் பழைய மீட்டரின் ரீடிங்கைக் குறித்துக்கொள்வார்கள். அதை நீங்களும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பில் ஏன் கூடுகிறது? தேய்ந்த சக்கரம் மெதுவாகச் சுற்றும். சார்ஜர், செட்டாப் பாக்ஸ் போன்ற சின்ன லோடுக்கு அசையாமலே நிற்கலாம். டிஜிட்டல் மீட்டர் அதையும் கணக்கெடுக்கும். இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடும். 501-வது யூனிட்டில் பில் எகிறுவது அதனால்தான்.

சந்தேகமா? மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஒரு யூனிட் ஏற வேண்டும். வித்தியாசம் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மீட்டரைச் சோதிக்க எழுதிக் கொடுங்கள். கட்டண விவரம் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணையில் இருக்கிறது.

தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.