எட்டு எலுமிச்சை, அரைப் பவுண்டு சர்க்கரை

அமெரிக்கப் பாடகி பியான்சேயின் ‘லெமனேட்’ ஆல்பம் என்றதும் இங்கே பலருக்கு ஞாபகம் வருவது ஒரே விஷயம்தான். புருஷன் துரோகம் பண்ணினான், பெண்டாட்டி பாட்டுப் பாடி அவன் மானத்தை வாங்கினாள். 2016-இல் பாதி உலகம் பாட்டில் கள்ளக்காதலியாக வரும் அந்தப் ‘பெக்கி’ யார் என்று துப்பறிந்துகொண்டிருந்தது. பேச்சு இன்னும் அங்கேயே நிற்கிறது. ஷஃபிளில் நாலு பாட்டைக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்று கேட்பவர்களுக்காக இந்த நீளப் பதிவு.

நீங்கள் கேட்டது பாதி. மிச்சம் அதே பெயரில் வந்த படத்தில் இருக்கிறது. அங்கே புருஷன் ஒரு வாசற்படி மட்டும்தான். தாண்டி உள்ளே போனால் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கரும்புத்தோட்டங்களில் இருநூறு வருஷமாகக் கறுப்பினப் பெண்கள் பட்டதும் பிழைத்ததும் காட்சி காட்சியாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

இது முதலில் வந்ததே படமாகத்தான். 2016 ஏப்ரல் 23, சனிக்கிழமை இரவு, எச்பிஓ டிவி, 65 நிமிடம். அதன் பிறகுதான் பாட்டுகள் டைடல் என்ற இசைச் செயலிக்குப் போயின. ஸ்பாட்டிஃபைக்கு வர சரியாக மூன்று வருஷம் ஆனது. அங்கே கேட்பவர்களில் பலருக்கு இப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. படத்தில் பதினோரு அத்தியாயங்கள்: உள்ளுணர்வு, மறுப்பு, கோபம், விட்டேற்றி, வெறுமை, பொறுப்பேற்பு, சீர்ப்படுதல், மன்னிப்பு, உயிர்த்தெழுதல், நம்பிக்கை, மீட்பு. அத்தியாயத்துக்கு ஒரு பாட்டு. பன்னிரண்டாவது பாட்டான ‘ஃபார்மேஷன்’ கதைக்குள் வராது, கடைசியில் பெயர்கள் ஓடும்போதுதான் ஒலிக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பியான்சே பேசும் வரிகள் வார்சன் ஷயருடையவை. கென்யாவில் பிறந்து லண்டனில் வளர்ந்த சோமாலியக் கவிஞர். அந்த வரிகள்தான் கதையைத் தைத்துப் போகும் நூல். பாட்டை மட்டும் தனியே எடுத்தால் நூலை உருவிய சட்டை மாதிரி ஆகிவிடும்.

அதனால் முதல் தடவை நிறுத்தாமல் ஒரே மூச்சில் பாருங்கள். சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், கவிதையில் பாதி கிசுகிசுப்பாகத்தான் வரும். போன் ஸ்பீக்கர் வேண்டாம், காரணம் பின்னால் சொல்கிறேன். இரண்டாவது தடவைதான் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்போது முதலில் கவனிக்க வேண்டியது ஆளை அல்ல, இடத்தை.

பெரிய வெள்ளைத் தூண்கள், அகலத் தாழ்வாரம், பாசி தொங்கும் ஓக் மரங்கள். இவை செட் இல்லை. மேட்வுட், டெஸ்ட்ரஹான் என்ற இரண்டு நிஜமான தோட்ட மாளிகைகளில் எடுத்தது. 1811 ஜனவரியில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்து நியூ ஆர்லியன்ஸ் நகரை நோக்கி நடந்தார்கள். கிளர்ச்சியை அடக்கியபின் பிடிபட்டவர்களை விசாரிக்க நீதிமன்றம் கூடிய இடங்களில் ஒன்று இந்த டெஸ்ட்ரஹான். கொல்லப்பட்டவர்களின் தலைகளை ஆற்றோரமாகக் கழிகளில் நட்டு வைத்தார்கள். படத்தில் இப்படிப்பட்ட வீட்டுத் தாழ்வாரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாணி உடையில் கறுப்பினப் பெண்கள் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை செய்யவில்லை, யாருக்கும் எழுந்து நிற்கவில்லை. எஜமானியம்மா என்று ஒருத்தி எந்த ஃப்ரேமிலும் கிடையாது. தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவை வெளியே நின்று பார்த்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உட்கார்ந்திருப்பவர்களையும் பாருங்கள். லியா சேஸ் இருக்கிறார். நியூ ஆர்லியன்ஸில் அவர் நடத்திய உணவகத்தின் மேசைகளில்தான் சிவில் உரிமைப் போராளிகள் வெள்ளையரோடு சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டார்கள், அப்படி உட்காருவதே சட்டவிரோதமாக இருந்த காலத்தில். 2019-இல் காலமானார். ‘சாரி’ (Sorry) பாட்டில் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் ஆடுகிறார். அதே பாட்டில் பஸ்ஸுக்குள் இருக்கும் பெண்களின் உடம்பில் வெள்ளைக் கோடுகளால் வரைந்தவர் நைஜீரிய ஓவியர் லாவோலு சென்பஞ்சோ, மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா இனத்து மரபுக் கோலங்கள் அவை. அந்தப் பாட்டில் பியான்சேயின் சடை எகிப்திய ராணி நெஃபர்டிட்டியின் கிரீடம் போல மேலே எழும்பி நிற்கும். வெறும் அலங்காரம் என்று தாண்டிப் போகாதீர்கள். இதே லூசியானாவில் 1786-இல் ஸ்பானிய ஆளுநர், கறுப்பினப் பெண்கள் கூந்தலை அலங்கரித்து வெளியே காட்டக் கூடாது, துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று ஆணை போட்டார். அந்த மண்ணில் தலை இப்படி நிமிர்கிறது என்பதாகத்தான் நான் படிக்கிறேன்.

‘ஹோல்ட் அப்’ எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் கவுன், பேஸ்பால் மட்டை, உடையும் கார்களின் கண்ணாடிகள். மீம் ஆகித் தேய்ந்தே போனது. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தைப் பாருங்கள். மாடியிலிருந்து குதிக்கிறாள், விழும் இடம் தண்ணீராகிறது, மூழ்கிய அறையில் மிதக்கிறாள், பிறகு பெரிய கதவு திறந்து வெள்ளம் படிகளில் கொட்ட, அதோடு சிரித்துக்கொண்டே வெளியே வருகிறாள். நன்னீர், மஞ்சள், பொன், அழகு, சிரிப்புக்குள் ஒளிந்த கோபம் எல்லாம் சேர்ந்தால் யொரூபாக்களின் ஆற்றுத் தெய்வம் ஓஷுன். நைஜீரியாவின் ஒசோக்போவில் அவளுக்கு இருக்கும் தோப்பு 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. கப்பலில் கட்டி இழுத்து வரப்பட்டவர்களோடு அவளும் கடல் தாண்டி கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் வந்து சேர்ந்தாள். பொறாமை பிடித்த மனைவி என்று நாம் சிரித்துப் பார்த்த காட்சி, சாமி வந்து ஆடுகிற காட்சி. நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபட்டிருக்க வேண்டும்!

அடுத்து ‘லவ் ட்ராட்’. வெள்ளை உடையில் பெண்கள் வரிசையாக நீருக்குள் நடந்து போய்க் கைகளை வானத்தை நோக்கி உயர்த்துகிறார்கள். வசனம் இல்லை, விளக்கம் இல்லை. 1803-இல் ஜார்ஜியாவின் செயின்ட் சைமன்ஸ் தீவில், விற்கப்பட்டு வந்த மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ இனத்தவர் சுமார் 75 பேர் படகிலேயே கலகம் செய்தார்கள். கரை இறங்கியதும் அடிமையாகப் போவதைவிட இதுவே மேல் என்று டன்பார் ஓடைக்குள் நடந்தார்கள். பலர் மூழ்கினார்கள். அந்த வட்டாரத்தின் வாய்மொழிக் கதை வேறு மாதிரி சொல்லும்: அவர்கள் சாகவில்லை, தண்ணீர்மேல் நடந்தே ஆப்பிரிக்கா திரும்பிவிட்டார்கள், சிலர் பறந்து போனார்கள். படம் எந்தக் கதையை எடுத்துக்கொள்கிறது என்று கவனியுங்கள். யாரும் மூழ்குவதில்லை. கைகள் உயரும்போதே காட்சி நகர்ந்துவிடும். இந்தக் கடற்கரை வெள்ளை உடைகளுக்கு முன்னோடி ஜூலி டேஷ் 1991-இல் எடுத்த ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’. ‘லெமனேட்’ வந்த வருஷமே அது புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரைக்கு வந்தது. கிடைத்தால் விடாதீர்கள்.

‘ஃபார்வர்ட்’ ஒன்றேகால் நிமிடம்தான். ஷஃபிளில் கேட்பவர்கள் இடைச்செருகல் என்று தள்ளிவிடும் பாட்டு. படத்தில் இதுதான் நெஞ்சு. கையில் ஆயுதம் இல்லாமலே கொல்லப்பட்ட கறுப்பினத்தவர்களான ட்ரேவான் மார்ட்டின், மைக்கேல் பிரவுன், எரிக் கார்னர் ஆகிய மூவரின் அம்மாக்கள் மகனின் படத்தைக் கையில் பிடித்துக் கேமராவைப் பார்க்கிறார்கள். சாகும்போது அந்த மகன்களுக்கு 17 வயது, 18 வயது, 43 வயது. அம்மாக்களில் ஒருவர் கண்ணில் நீர் வழிகிறது. கேமரா அசையாது, வேறெங்கும் திரும்பாது. பிறகு நியூ ஆர்லியன்ஸின் மார்டி க்ரா திருவிழாவில் கறுப்பினத்தவர் அமெரிக்கப் பூர்வகுடிகளின் பாணியில் போடும் ‘இந்தியன்’ உடையில் ஒருத்தி ஆளில்லாத சாப்பாட்டு மேசையைச் சுற்றி வருகிறாள். கையாலேயே மணி கோத்து மாதக்கணக்கில் தைக்கும் உடை அது. காலி நாற்காலிகள் யாருடையவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

போன் ஸ்பீக்கர் வேண்டாம் என்றது ‘ஃப்ரீடம்’ பாட்டுக்காக. படத்தில் பியான்சே முதலில் வாத்தியமே இல்லாமல் தொடங்குகிறார், மேடை எதிரே பெண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆல்பத்தில் உள்ள வடிவத்தை ஹெட்போனில் கேளுங்கள். முன்னால் அதிரும் ஆர்கனும் ட்ரம்ஸும் 1969-இன் ஒரு ராக் பாட்டிலிருந்து எடுத்தவை. அவற்றுக்கு அடியில் கரகரப்பாக வேறு குரல்கள் கிடக்கும். நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தவை அவை. ஒன்று 1959-இல் ஒரு சபையில் பாடிய துதிப்பாட்டு. இன்னொன்று 1947-இல் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறையில் கைதிகள் வேலை செய்தபடி பாடியது. சின்ன ஸ்பீக்கரில் இந்த இரண்டும் வெறும் இரைச்சலாகிவிடும்.  பார்ச்மன் பாட்டைப் பாடியவருக்கு ஆல்பத்தின் குறிப்பில் ‘கைதி 22’ என்றுதான் இருக்கிறது. விடுதலை என்ற பெயருள்ள பாட்டுக்குள், குறிப்பில் எண்ணாக மட்டுமே நிற்கும் ஒருவர் பாடிக்கொண்டிருக்கிறார்.

‘டாடி லெசன்ஸ்’ பற்றிச் சுருக்கமாக: அது கன்ட்ரி பாட்டு, அமெரிக்கக் கிராமிய இசை வகை. கிராமி அமைப்பின் கன்ட்ரி குழு இல்லை என்று தள்ளியது. அந்த இசையின் முக்கியத் தந்தி வாத்தியமான பாஞ்சோவின் மூலமே மேற்கு ஆப்பிரிக்கா என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2025-இல் ‘கவ்பாய் கார்ட்டர்’ என்ற வேறொரு ஆல்பத்துக்காகச் சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருதையும் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதையும் அவரிடமே கொடுக்க வேண்டி வந்தது. போகட்டும்.

ரசிகன் என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிப்பிடிக்கவில்லை. மன்னிப்பு அத்தியாயத்தில் வரும் ‘சேண்ட்காஸில்ஸ்’ எனக்கு ஒட்டவில்லை. இவ்வளவு கனமான கோபம் ஒரே பாட்டில், ஒரே அறையில் கரைவது அவசரம். மறைந்த பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் அப்போதே கடுமையாக எழுதினார்: வலியை அழகாக்கி விற்கிறார்கள், மட்டையால் அடித்து நொறுக்குவது விடுதலை ஆகாது என்பது அவர் வாதத்தின் சாரம். விற்பனை பற்றிச் சொன்னதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்ற கேள்வி விலைச்சீட்டோடு முடிவதில்லை என்பது என் கட்சி.

கடைசியாகத் தலைப்பு. பியான்சேயின் கணவர் ஜே-ஸியின் பாட்டி ஹாட்டி வைட், தன் தொண்ணூறாவது பிறந்தநாளில் பேசும் வீடியோத் துண்டு படத்தில் வருகிறது: எனக்குக் கிடைத்தது எலுமிச்சைதான், நான் அதை லெமனேட் ஆக்கிக்கொண்டேன் என்கிறார். ‘ஆல் நைட்’டுக்கு முன்னால் பியான்சே ஒரு செய்முறையே சொல்கிறார். ஒரு பைன்ட் தண்ணீர், அரைப் பவுண்டு சர்க்கரை, எட்டு எலுமிச்சையின் சாறு, அரை எலுமிச்சையின் தோல் துருவல். ஒரு ஜாடியிலிருந்து இன்னொன்றுக்குப் பலமுறை ஊற்றி, சுத்தமான துணியில் வடிகட்டு.

இதைக் கவித்துவம் என்று மட்டும் நினைக்காதீர்கள், நிஜமாகவே வேலை செய்யும் செய்முறை. அமெரிக்கக் கணக்கில் ஒரு பைன்ட் 473 மில்லி, அரைப் பவுண்டு 227 கிராம். இங்கே செய்பவர்கள் வழுக்குவது பழத்தில்தான். அவர்கள் சொல்வது தடித்த தோல் மஞ்சள் லெமன், ஒன்றில் சுமார் 45 மில்லி சாறு வரும். நம் சின்ன எலுமிச்சையில் 15 முதல் 20 மில்லிதான். எட்டே பிழிந்தால் சர்க்கரைப்பாகுதான் மிஞ்சும், பதினெட்டு முதல் இருபத்துநாலு வரை வேண்டும். துருவும்போது வெள்ளைப் பகுதி வரை போனால் கசக்கும், வடிகட்டாமல் விதை கிடந்தாலும் கசக்கும். ஜாடி மாற்றி ஊற்றுவது எதற்கு என்று டீக்கடைக்காரரைக் கேட்டால் சொல்வார், ஆற்றுவது என்று நாம் சொல்வதேதான். பச்சைத் தண்ணீரில் இவ்வளவு சர்க்கரை சுலபத்தில் கரையாது, உயரத்திலிருந்து விழுந்து புரண்டால்தான் கரையும். வருவது திக்கான சாறு, குடிக்கும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு குளிர்ந்த தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.