சைலன்சரை மாற்றுவது வேறு, பிடுங்கி எறிவது வேறு

என் பழைய காரும் அதன் பின்னால் ஒரு புதுக் காரும் பெருஞ்சத்தத்தோடு போகும் அந்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு அதன் கீழே வந்த கருத்துகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "சைலன்சரைப் பிடுங்கிவிட்டு ஊரை எழுப்பும் கூட்டம்" என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களில் சிலர் என் வீட்டில் பொங்கலுக்குச் சாப்பிட்டவர்கள்.

வீடியோவில் முன்னால் போகும் 1970 போன்டியாக் ஜிடிஓ என்னுடையதுதான். ஆனால் காதைக் கிழிக்கும் அந்தச் சத்தம் அதற்குப் பின்னால் வந்த புதுக் காருடையது. ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் படபடவென்று வெடிக்கிறதே, அது காரின் கணினியில் நிரலை மாற்றி வரவழைக்கிற சத்தம். என் காரில் கணினியே கிடையாது. கார்புரேட்டர் வண்டி. இதை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

சரி, "நீங்களும் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் குழாய் அமைப்பு) மாற்றியவர்தானே?" என்கிறார் ஒருவர். ஆமாம், மாற்றினேன். சைலன்சரை மாற்றுவது வேறு, பிடுங்கி எறிவது வேறு. மஃப்ளர், அதாவது சைலன்சர், இல்லாமல் வெறும் குழாயை விட்டு ஓட்டுவது மிச்சிகனில் சட்டப்படியும் தவறு, அண்டை வீட்டாருக்கும் தொல்லை. என் காரில் இரண்டு பக்கமும் மஃப்ளர் இருக்கிறது. குழாய் பின் பம்பர் வரை போகிறது. குனிந்து பார்த்தாலே தெரியும்.

ஏன் மாற்றினேன் என்பதையும் சொல்கிறேன். என் அப்பா நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். இங்கே வந்திருந்தபோது காரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பின்னால் போய் இரண்டு குழாய்க்கும் நேரே உள்ளங்கையை நீட்டினார். "ஒரு பக்கம் மூச்சு வரலைடா" என்றார். இந்த மாதிரிக் காரை அவர் அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. கழற்றிப் பார்த்தால், எஞ்சினிலிருந்து வரும் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டுக்குக் கீழே ஹீட் ரைசர் என்று ஒரு தகடு இருக்கும், குளிரில் எஞ்சின் சீக்கிரம் சூடாகப் புகையைத் திருப்பிவிடும், அது துருப்பிடித்து மூடிய நிலையிலேயே இறுகிக் கிடந்தது. மஃப்ளரின் அடிப்பக்கம் கையை வைத்தால் உதிர்ந்தது. இந்த ஊரில் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள், இரும்பு என்ன பாடுபடும் என்று இங்கே இருக்கிற உங்களுக்குத் தெரியாதா? அன்றைக்கு முடிவானதுதான் இந்த வேலை. சத்தத்துக்காக இல்லை, வண்டி மூச்சு விடுவதற்காக.

கொஞ்சம் உள்ளே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1970இல் இந்த 400 கன அங்குல எஞ்சினுக்கு போன்டியாக் சொன்ன சக்தி 350 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, காரில் வரும் சைலன்சரை மாட்டாமல் அளந்தார்கள். சாலையில் ஓடும் காருக்கு அது கிடைக்காது. 1972 முதல்தான் சைலன்சர், ஏர் கிளீனர் எல்லாம் மாட்டி அளந்த கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆக, இந்தக் கார்களில் புகை வழியைச் சீராக்குவது என்பது எஞ்சினுக்குள் ஏற்கெனவே இருப்பதில் கொஞ்சத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுவருவது.

அதற்குப் பெரிய குழாய் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் முதலில் போன பட்டறையிலும் மூன்று அங்குலக் குழாயை, அதுவும் வளைவில் நசுங்கி நிற்கும் குழாயைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். வேகமாக ஓடும் வாய்க்காலை ஏரி அகலத்துக்கு வெட்டினால் தண்ணீர் தேங்கித்தானே நிற்கும்? புகைக்கும் வேகம் வேண்டும். வேகம் குறைந்தால் கீழ் ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, இழுவை போய்விடும். "எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்" என்று இதைத்தான் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பேக் பிரஷர் என்றால் புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம், அது எந்த எஞ்சினுக்கும் வேண்டியதில்லை. என் காருக்கு, புகை தாராளமாகப் போகும் ராம் ஏர் வகை வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, 2.5 அங்குலத்தில் வளைவிலும் உருண்டையாகவே இருக்கும் குழாய், நடுவில் இரண்டு குழாயையும் குறுக்கே இணைக்கும் எச் பைப். மேனிஃபோல்டுக்குப் பதிலாகத் தனித்தனிக் குழாய்களாக வரும் ஹெடர் போடவில்லை. ஹெடரின் கேஸ்கட் அடிக்கடி லீக் ஆகும், வேகத்தடையில் அடி தட்டும்.

எச் பைப் எதற்கு என்றால், இந்த வி8 எஞ்சினின் எட்டு சிலிண்டர்களும் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண் சிலிண்டர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். எண்ணிப் பாருங்கள், 8க்கு அடுத்து 4, ஒரே பக்கம். 5க்கு அடுத்து 7, மறுபடி ஒரே பக்கம். புகை ஒரு குழாயில் அடுத்தடுத்து முட்டும், அடுத்த குழாய் சும்மா இருக்கும். அந்தத் தடுமாற்றம்தான் இந்தக் கார்களின் குடுகுடு சத்தம். குறுக்கே ஒரு குழாய் போட்டால் முட்டுகிற அழுத்தம் பகிர்ந்துபோகும், சத்தமும் குறையும். கேட்டீர்களா? குறையும். ஊரை எழுப்ப நினைக்கிறவன் சத்தத்தைக் குறைக்கக் காசு கொடுத்துக் குழாய் வாங்குவானா?

இன்னொரு பக்கம் பழமைவாதிகள். "ஒரிஜினலைக் கெடுத்துவிட்டாய்" என்கிறார்கள். பழைய மேனிஃபோல்டு கிரீஸ் பூசி என் கராஜில் இருக்கிறது. காரின் அடிச்சட்டத்தில் எதையும் வெட்டவில்லை, வெல்டிங் வைக்கவில்லை. நாளைக்கே திருப்பி மாட்டலாம். அந்த ஒரிஜினல் வருடத்தில்தான் கம்பெனியே டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பிடியை வைத்து, இழுத்தால் மஃப்ளருக்குள் வழி திறக்கும் ஏற்பாட்டைக் கூடுதல் விலைக்கு விற்றது. 1970 ஜனவரி 11 அன்று சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் நடுவே அதற்கு விளம்பரம் வந்தது. போன்டியாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னது. சுமார் 230 கார்களில்தான் அது வந்தது. அதில்கூட மஃப்ளர் இருந்தது!

சுற்றுச்சூழல் பற்றிக் கேட்டவருக்கு: புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 1975 மாடலிலிருந்துதான் வந்தது, நான் எதையும் கழற்றவில்லை. கோடையில் சில ஞாயிறுகள் ஓடும் கார் இது. இதற்கு மேல் அவரிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. "இந்தக் காசுக்கு ஊரில் ரெண்டு ஏக்கர் வாங்கியிருக்கலாம், நம்மாளுக்கு எதற்கு வெள்ளைக்காரன் விளையாட்டு?" என்று ஒரு கருத்து. அதற்கு அத்தனை விருப்பக்குறி. டெட்ராய்டைச் சுற்றி நம்மவர்களில் எத்தனை பேர் கார் கம்பெனிச் சம்பளத்தில் வாழ்கிறோம்? உட்வர்ட் அவென்யூ ஒரு முனையில் டெட்ராய்ட், மறுமுனையில் போன்டியாக் நகரம். என் காருக்குப் பேர் கொடுத்த ஊர் அது. 1995இல் ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்ட ஆரம்பித்த ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார்களின் ஊர்வலம், இன்று ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை வந்தால் அந்தச் சாலையையே நிரப்புகிறது. அங்கே யாரும் என்னிடம் நீ எந்த ஊர்க்காரன் என்று கேட்டதில்லை, பானட்டைத் திற என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள்தான் கேட்கிறார்கள். அதுதான் வலிக்கிறது. வீடியோ எடுத்த அன்று பின் இருக்கையில் என் மகள் இருந்தாள். அவள் முகமும் அந்த வீடியோவில் தெரிகிறது. எடுத்தவர் அதையாவது யோசித்து நீக்கிவிடட்டும்.

அத்தனை கருத்துக்கு நடுவில் ஒரே ஒரு தம்பி உருப்படியாகக் கேட்டிருந்தார், தன்னுடைய 1967 மஸ்டாங்குக்கு என்ன போடலாம் என்று. தம்பி, உங்களுடையது 289 கன அங்குல எஞ்சின், இரண்டு பேரல் கார்புரேட்டர். 2.25 அங்குலம் இரட்டைக் குழாய் தாராளம், அதற்கு மேல் போகாதீர்கள். எச் பைப் போடுங்கள். நல்ல மஃப்ளர் போடுங்கள், குழாயைப் பின்சக்கரத்துக்கு முன்னாலேயே நிறுத்தாமல் பம்பர் வரை கொண்டுபோங்கள். மாற்றிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஒரு அளவு கூட்ட வேண்டும். சனிக்கிழமை காலை வீட்டுக்கு வாருங்கள், ஜாக்கி என்னிடம் இருக்கிறது.