சுத்துது, சுடுதில்லை

திருகோணமலை. கடற்கரைக்கு இரண்டு வீதி தள்ளி ஒரு பழைய வீடு. மேல்மாடியில் இரண்டு அறைகளைக் கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மார்கழி மாதம், ஐந்து நாளாக விடாத மழை. கொடியில் போட்ட பெட்சீட்டுகள் போட்டபோது இருந்ததைவிட ஈரமாக இருக்கின்றன. லண்டனில் இருக்கும் மகள் கப்பலில் அனுப்பிய, துணி காயவைக்கிற ட்ரையர் குசினிக்குப் பக்கத்தில் நிற்கிறது. மாமா முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் பேப்பருக்குப் பின்னால் இருக்கிறார். அவரை இப்போதைக்கு மறந்துவிடலாம், வீட்டிலும் அப்படித்தான்.

(மெஷின் திருத்துகிற தம்பி நனைந்த பையோடு வருகிறார்.)

மாமி: வாங்கோ தம்பி. காலைத் துடைத்துக்கொண்டு வாங்கோ. கால் துடைக்கிற துணியும் ஈரம்தான், இருந்தாலும் துடையுங்கோ.

தம்பி: மெஷினுக்கு என்ன மாமி?

மாமி: சுத்துது, சுடுதில்லை. ஒரு மணித்தியாலம் ஓடின பிறகு துவாயை எடுத்தால், ஊஞ்சல் ஆடிவிட்டு வந்த பிள்ளை மாதிரிக் குளிர்ந்துபோய் இருக்கு.

தம்பி: கொடியே போதும் என்று முந்தி சொல்வீர்களே?

மாமி: வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எனக்கு எந்த மெஷினும் வேண்டாம். ஒரு மணித்தியாலத்தில் பெட்சீட் அப்பளம். ஆனால் கோட்டைப் பக்கத்து மான்கள் இருக்கே, அதுகள் கொடிக்கு வந்துவிடும். போன வருசம் ஒரு துவாயில் பாதி இல்லை. யாத்திரை வந்த மனிசிக்கு மற்றப் பாதியைக் கொடுக்க முடியுமா?

தம்பி: சரி, பார்ப்போம். முதலில் பிளக்கைக் கழற்றுங்கோ.

மாமி: சுவிட்சை நிறுத்திவிட்டேனே.

தம்பி: அது போதாது. வீடு பழசு. வயரிங் செய்தவர் லைனில் போட வேண்டிய சுவிட்சை நியூட்ரலில் போட்டிருந்தால், நிறுத்தின பிறகும் உள்ளே 230 வோல்ட் காத்துக்கொண்டு நிற்கும். பிளக் வெளியே வரவேண்டும். வந்த பிளக் என் கண் முன்னால் கிடக்கவேண்டும்.

மாமி: ஏன், அது எழும்பி ஓடுமா?

தம்பி: ஓடாது. ஆனால் போன மாதம் உவர்மலையில் ஒரு வீட்டில் நான் வேலை செய்துகொண்டிருக்க, அந்த வீட்டு ஐயா "தம்பிக்கு உதவி" என்று போய்ச் செருகிவிட்டார். நல்ல காலம், அந்த நிமிடம் நான் கையை வெளியே எடுத்துத் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கியிருந்தேன். அதற்குப் பிறகு ஆர் தேத்தண்ணி தந்தாலும் நான் மறுக்கிறதில்லை.

மாமி: விளங்குது. பிறகு ஊற்றுகிறேன்.

(தம்பி வயரைப் பிடித்துக்கொண்டே போகிறார். அது சுவருக்குப் போகவில்லை. அலுமாரிக்குப் பின்னால் போய், ஒரு எக்ஸ்டென்ஷன் பலகையில் முடிகிறது.)

தம்பி: இதில் என்னென்ன மாமி போட்டிருக்கிறீர்கள்?

மாமி: ட்ரையர், கேத்தல், ஃபோன் சார்ஜர், சாமிப் படத்து லைட். ஒரு ஓட்டை இன்னும் மிச்சம் இருக்கு.

தம்பி: ட்ரையர் 2000 வாட். கேத்தலும் கிட்டத்தட்ட 2000. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் 17 அம்பியருக்கு மேல் இழுக்கும். இந்தப் பலகை 13க்கு மேல் தாங்காது. பிளக்கைப் பாருங்கோ, ஒரு பின் சுட்ட பலாக்கொட்டை நிறம்.

மாமி: அது லண்டன் கலர் என்று நினைத்தேன்.

தம்பி: ட்ரையருக்குச் சுவரில் தனிப் பொயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷனே கூடாது. லண்டன் மெஷின் என்றபடியால் இந்த அளவில் தப்பினீர்கள். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இதே சதுரப் பின். கனடாவில் இருந்து ஒருவருக்கு வந்தது, நாலு பின். சூடாக்குகிற கொயில் 240 வோல்ட்டில் ஓடும், ஆனால் மோட்டர் 120க்கும் 60 ஹெர்ட்ஸுக்கும் செய்தது. அவர் நாலு பின்னையும் வெட்டி எறிந்துவிட்டு நம்முடைய பிளக்கைப் பூட்டினார்.

மாமி: ஓடினதா?

தம்பி: ஓடினது. வீட்டுக்காரர்தான், வெளியே. புகை அவருக்குப் பின்னால்.

(பின்பக்கத் தகட்டைக் கழற்றப் பார்க்கிறார். திருகாணிகள் அசையவில்லை.)

தம்பி: கடல் காற்று. இந்த ஊரில் திருகாணியும் வாடகைக்கு இருக்கிறவரும் ஒன்று. ஒருக்கால் பிடித்துவிட்டால் கிளப்ப முடியாது.

மாமி: கையுறை எதற்குத் தம்பி? கரண்ட்தான் இல்லையே.

தம்பி: கரண்ட் இல்லை, தகட்டு விளிம்பு இருக்கு. அறக்குளா மீன் வெட்டுகிற கத்தி மாதிரி. சரி, தும்பு பிடிக்கிற வடியை ஒவ்வொரு தடவையும் துப்புரவு செய்கிறீர்களா?

மாமி: பின்னே? ஒவ்வொரு தடவையும் உரித்து எடுத்துப் பால்மா டின்னில் சேர்க்கிறேன்.

தம்பி: சேர்க்கிறீர்களா? எதற்கு?

மாமி: விளக்குத் திரிக்கு. கொஞ்சம் உருட்டி எண்ணெயில் தோய்த்தால் போதும். பஞ்சுத் திரிகூட இரண்டு மூன்று நெருப்புக் குச்சி கேட்கும். இது காட்டின உடனேயே "பக்" என்று பிடிக்கும்.

தம்பி: மாமி, நான் அரை மணித்தியாலம் விளக்கவேண்டியதை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

மாமி: என்னத்தை?

தம்பி: அந்தத் தும்பு முழுவதும் வடியில் நிற்காது. கொஞ்சம் தப்பிப் போய் உள்ளேயும் படியும். எங்கே? 2000 வாட் கொயிலுக்குப் பக்கத்தில். காட்டின உடனே "பக்" என்று பிடிக்கிற சாமான்.

(மாமி டின்னை மெல்ல மேசைக்குக் கீழே தள்ளுகிறார். தகடு கழன்று வருகிறது. உள்ளே சாம்பல் நிறத்தில் தும்பு, பூனை படுத்து எழும்பின இடம் மாதிரி. தம்பி தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு மீட்டரை வைக்கிறார்.)

தம்பி: கொயில் 26 ஓம். 2000 வாட்டுக்கு அதுதான் வரவேண்டும். கொயிலுக்கும் மெஷினின் வெளித் தகட்டுக்கும் இடையில் கரண்ட் தொடுப்பு ஒன்றுமில்லை, நல்லது. தெர்மோஸ்டாட் பீப் என்கிறது, நல்லது. இது... சத்தமில்லை. இதுதான்.

மாமி: இந்த வெள்ளைப் பொத்தான் அளவு சாமானா?

தம்பி: தெர்மல் ஃபியூஸ். தெர்மோஸ்டாட் சூடு கூடினால் வெட்டும், ஆறினால் திரும்ப விடும், நாள் முழுக்க அதுதான் வேலை. இது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வெட்டும். பிறகு திரும்பி வராது.

மாமி: பாவம். அப்போ ஒரு சின்னக் கம்பியை வைத்து இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் தொடுத்துவிடுங்கோவன். என் அக்காவின் பேரன் ஃபோனில் காட்டினான், இரண்டு நிமிட வேலை.

தம்பி: மெஷின் ஓடும்.

மாமி: பார்த்தீர்களா!

தம்பி: நிற்காது. அதுதான் கரைச்சல். மாமி, அந்தக் காலத்துச் சோதனைச் சாவடி ஞாபகம் இருக்கா?

மாமி: மறக்க முடியுமா? மூன்று தடவை இறங்கி ஏறினால்தான் மார்க்கெட்.

தம்பி: இது நல்ல சாவடி. சந்தேகமான சூடு வந்தால் வீதியை மூடிவிடும். கம்பி போடுகிறது, சாவடிக்காரனைக் கட்டிவைத்துவிட்டு வீதியைத் திறந்துவிடுகிற மாதிரி. சரி, இந்த ஃபியூஸ் கடமையில் செத்தது. ஏன் சாகவேண்டி வந்தது? அதைப் பார்க்காமல் புதுசு போட்டால் அதுவும் சாகும். மெஷின் குளிர்ந்துபோக முந்தி எப்படி இருந்தது?

மாமி: முதலில் ஒரு மணித்தியாலத்தில் காயும். பிறகு ஒன்றரை. கார்த்திகையில் இரண்டரை. மேல் தகட்டில் அப்பளம் பொரிக்கலாம் போல சூடு. வயசு போகுதுதானே என்று விட்டுவிட்டேன்.

தம்பி: சூடு இருந்தும் காயவில்லை. அப்படியென்றால் ஈரக்காற்று வெளியே போகவில்லை. குழாய் எங்கே போகிறது?

மாமி: சுவரில் மாமா ஓட்டை போட்டார். வந்து பாருங்கோ.

(வெளியே, குடைக்குள் இருவரும். சுவரில் ஓட்டை. அதை ஓட்டை என்று சொல்வது மாமாவுக்குச் செய்கிற மரியாதை. கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலையில் இராவணன் வெட்டினது இதைவிட நேராக இருக்கும். குழாயின் வாயில் ஏதோ இறுக்கிக் கட்டியிருக்கிறது.)

தம்பி: இது என்ன?

மாமி: நுளம்பு வலை.

தம்பி: குழாய்க்கா?

மாமி: நீங்கள் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்கிறீர்கள். 2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன பாடு படுத்தினது? நான் அன்றைக்குச் சபதம் எடுத்தேன், இந்த வீட்டில் வலை இல்லாத ஓட்டை ஒன்றும் இருக்கக்கூடாது என்று. மூன்று மடிப்பாகப் போட்டேன்.

(தம்பி வலையை அவிழ்க்கிறார். பின்னால் இருந்து கையால் தள்ள, பிட்டுக் குழலில் இருந்து பிட்டு வருவது போல் தும்பு உருளையாக வழுக்கி வந்து விழுகிறது. முதல் பாகம் சாம்பல் நிறம். நடுவில் ஒரு மஞ்சள் அடுக்கு. பிறகு திரும்பவும் சாம்பல்.)

மாமி: அந்த மஞ்சள், என் கல்யாண நாளுக்கு வாங்கின பெட்சீட்.

தம்பி: தேங்காய்ப்பூ மட்டும்தான் இல்லை. மாமி, நுளம்பை மறித்தீர்கள், தும்பையும் மறித்தீர்கள். காற்று போகவில்லை, சூடு உள்ளே நின்றது, ஃபியூஸ் போனது. வலை வேண்டாம். மூடி ஒன்று இருக்கு, உள்ளே இருந்து காற்று தள்ளினால் திறக்கும், நின்றால் தானாக விழுந்து மூடும். நுளம்புக்கும் அது காணும். இந்தப் பிளாஸ்டிக் குழாயையும் மாற்றவேண்டும், அலுமினியக் குழாய். நெருப்புப் பிடித்தால் பிளாஸ்டிக் கூடச் சேர்ந்து எரியும்.

மாமி: நீங்கள் என்னைப் பயப்படுத்துகிறீர்கள்.

தம்பி: இன்னும் கொஞ்சம் இருக்கு. டிரம்முக்குள் நல்லெண்ணெய் மணக்குது.

மாமி: சனிக்கிழமை மாமா முழுகின துவாய். தோய்த்துத்தானே போட்டேன்.

தம்பி: தோய்த்தாலும் எண்ணெய் முழுவதும் போகாது. சூடாக்கிக் குவித்து வைத்தால் அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகச் சூடேறும். மெஷின் நின்று, நீங்கள் நித்திரைக்குப் போன பிறகும் ஏறும். எண்ணெய்த் துணியை மெஷினுக்குள் போடவே வேண்டாம். அதோடு, கடைசிப் பத்து நிமிடம் சூடில்லாமல் சுற்றுமே, அதை என்ன செய்கிறீர்கள்?

மாமி: சூடில்லாமல் சுற்றுகிறதுக்கு நான் ஏன் கரண்ட் காசு கட்டவேண்டும்? நிறுத்திவிடுவேன்.

தம்பி: அது துணியை ஆற்றுகிற நேரம். பாதியில் நிறுத்தினால், கொதிக்கிற துணியை உள்ளே குவித்து மூடிவைத்த மாதிரி.

மாமி: எல்லாவற்றையும் விட்டேன். வலையை விட்டேன், துவாயை விட்டேன், பத்து நிமிடத்தையும் விட்டேன். திரி?

தம்பி: திரிக்குப் பஞ்சு வாங்குங்கோ.

மாமி: சரி, புது ஃபியூஸைப் போடுங்கோ. நாளைக்கு எட்டுப் பேர் வருகிறார்கள்.

தம்பி: இதே வெப்ப அளவில் இதே ஃபியூஸ் கொழும்பில் இருந்து வரவேண்டும். நாலு நாள்.

மாமி: நாலு நாளா! அப்போ அந்த நாலு நாளைக்கு மட்டும் அந்தச் சின்னக் கம்பி...

(தம்பி ஒன்றும் பேசவில்லை. ஸ்குரூ ட்ரைவரை எடுத்து, வயர் நுனியில் இருந்த பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் பூட்டுகிறார்.)

மாமி: என்ன தம்பி, என்னில் நம்பிக்கை இல்லையா?

தம்பி: கருகின பிளக் மாமி, எப்படியும் புதுசு போடத்தான் வேண்டும். புதுசு ஃபியூஸோடு வரும்.

மாமி: அதுவும் சரிதான். தேத்தண்ணி ஊற்றட்டா?

தம்பி: கேத்தலைச் சுவர்ப் பொயின்டில் போட்டு ஊற்றுங்கோ.

(முன் விறாந்தையில் பேப்பர் மடிக்கும் சத்தம். அதற்குப் பின்னால் மாமாவின் குரல்.)

மாமா: இஞ்சேரும், தம்பி பிளக்கைக் கொண்டு போனால் போகட்டும். எர்த் ஓட்டைக்குள் ஒரு பேனையைக் குத்தினால் மற்ற இரண்டும் திறக்கும். வயரை அப்படியே சொருகிவிடலாம்.

(வாசல் வரைக்கும் போன தம்பி திரும்பி வருகிறார். பையை இறக்கி வைக்கிறார். மெஷினுக்குப் பின்னால் குந்தியிருந்து, வயரையும் கழற்றத் தொடங்குகிறார்.)