‘அல்ட்ரா’ என்ற ஒரு சொல்

லாபி, அதாவது சட்டம் தனக்குச் சாதகமாக வர ஆள் பிடிப்பது, என்றதும் பெட்டியில் பணம் கைமாறும் காட்சிதான் மனசில் ஓடும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பவனாக, இருக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிரான்ஸ் கதையைப் படித்த பிறகு, பெட்டியே தேவையில்லை, ஒரு சொல் போதும் என்று தோன்றுகிறது.

2024 மார்ச் 14 அன்று பிரான்ஸ் தேசிய சபை ஒரு மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது. நாலு தடவை உடுத்தித் தூக்கிப் போடும் ஃபாஸ்ட் ஃபேஷன் துணிக்கு உருப்படிக்கு 5 யூரோ அபராதம். 2030க்குள் அது 10 யூரோவாக ஏறும், துணி விலையில் பாதியைத் தாண்டாது. விளம்பரத்துக்கும் தடை. அப்புறம் மசோதா மேலவையான செனட்டுக்குப் போனது. ஓராண்டுக்கு மேல் அங்கேயே கிடந்தது.

அந்த இடைவெளியில், ஆப் வழியாக மலிவுத் துணி விற்கும், சீனாவில் தொடங்கிய ஷீன் கம்பெனி சும்மா இருக்கவில்லை. அதிபர் மக்ரோன் ஆட்சியில் உள்துறை அமைச்சராக இருந்த கிறிஸ்தோஃப் காஸ்தனேரைத் தன் ஆலோசனைக் குழுவில் சேர்த்துக்கொண்டது. சமூகப் பொறுப்புக்கான குழுவாம். போலீஸ் துறையைக் கவனித்தவருக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். அவர் போன் செய்தால் பாரிஸில் எடுப்பார்கள்.

ஆனால் எனக்கு உறுத்துவது ஷீன் செய்தது அல்ல. போலித் தள்ளுபடி காட்டியதற்காக 2025 ஜூலையில் 4 கோடி யூரோ அபராதம் வாங்கிய கம்பெனி அது, அதற்காக வாதாட நான் வரவில்லை. எதிர்ப்பக்கத்தில் நடந்ததை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிரான்ஸின் சில்லறை வணிகச் சங்கங்கள், குறி சீனாவிலிருந்து வரும் பார்சல் மேல் இருக்கட்டும், ஊரில் கடை போட்டு ஆள் வைத்திருப்பவர்களை விட்டுவிடுங்கள் என்றன. அதில் நியாயம் இல்லாமல் இல்லை, சின்ன ஊர்களில் கடைத்தெருவே காலியாகிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூன் 10 அன்று செனட் 337க்கு 1 என்ற கணக்கில் மசோதாவை நிறைவேற்றியபோது, ஃபாஸ்ட் ஃபேஷனுக்கு முன்னால் ‘அல்ட்ரா’ வந்து உட்கார்ந்திருந்தது. ஷீனும், அதே மாதிரி ஆப் கம்பெனியான டெமுவும் உள்ளே. தெருவில் கடை வைத்திருக்கும் ஸாராவும் எச் அண்ட் எம்மும் வெளியே.

ஒரு சொல்தான். செனட்டில் சட்டத்தை எதிர்த்து யாரும் கொடி பிடிக்கவில்லை, கிட்டத்தட்ட எல்லோரும் ஆதரித்தார்கள். சட்டம் யாரைத் தொடும் என்பது மட்டும் மாறிப்போனது.

இங்கிருந்து பார்த்தால் அந்தக் கோடு எப்படித் தெரிகிறது தெரியுமா? போன மாதம் ஒரு ஐரோப்பியப் பையரிடமிருந்து மெயில் வந்தது. ஷீன் மாதிரி ஆப் கம்பெனி இல்லை, தெருவில் கடை வைத்திருக்கும் மரியாதையான பெயர். டீ-ஷர்ட் விலையில் சில சென்ட் குறைக்க வேண்டும், அதற்கு 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணியை 150 ஆக்கலாமா என்று கேட்டார்கள். ஆக்கினோம். செக்கிங் டேபிளில் அந்த சாம்பிளை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். பின்னால் இருந்த என் விரல்கள் அஞ்சும் தெரிந்தன. ரெண்டு தடவை துவைத்துப் பார்த்தோம், பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டது. அவர்கள் கொடுத்த டாலரன்ஸுக்குள்தான், அதாவது ஏற்றுக்கொள்ளும் விலகலுக்குள்தான், இருக்கிறது என்று ரிப்போர்ட் எழுதினேன். பொய்யில்லை, டாலரன்ஸையும் அவர்களேதான் தளர்த்தியிருந்தார்கள்.

செனட் நிறைவேற்றிய மசோதாவில் இந்தத் துணிக்கு அபராதம் கிடையாது, இது ‘அல்ட்ரா’ இல்லை. நேற்று அப்ரூவல் வந்துவிட்டது. அடுத்த வாரம் பல்க் நிட்டிங், மொத்த ஆர்டருக்கும் துணி பின்னப் போகிறோம்.