காய்ச்சலோடு டூட்டிக்கு வருவதைப் பாராட்டாதீர்கள்

கும்பகோணம் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். ஐந்து மெஷின், ஷிப்டுக்கு இரண்டு பேர். இந்தக் கணக்கில் யாருக்கும் காய்ச்சல் வர இடமில்லை.

இரண்டு வருடம் முன்னால் ஒரு கார்த்திகை மாதம், விடாத மழை. விடியற்காலையில் எனக்கு 102 டிகிரி. இன்சார்ஜுக்கு போன் செய்தேன். "நீ வரலைன்னா மெஷின் யாரும்மா பாக்குறது? ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு வந்துடு" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடமும் ஆள் இல்லை. நான் வலங்கைமானில் பஸ் ஏறிவிட்டேன்.

முதல் மெஷினில் பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர். வாரம் இரண்டு நாள், நாலு நாலு மணி நேரம் எங்களிடம் படுத்திருப்பவர். ஊசி போடக் குனிந்தபோது, "என்னம்மா, கொரலு கம்மியிருக்கு? சுக்குக் காப்பி போட்டுக் குடி" என்றார். முகக்கவசம் போட்டிருந்தேன். ஆனாலும் மூச்சு படுகிற தூரம்தான். அவரால் எழுந்து தள்ளிப் போகவும் முடியாது.

நாலாம் நாள் அவருக்குக் காய்ச்சல். அது நிமோனியாவாகி ஒன்பது நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தார். என்னிடமிருந்துதான் தொற்றியது என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பிழைத்து வந்தார். வந்ததும் என்னைப் பார்த்து அவர் கேட்டது, "ஒனக்கு ஒடம்பு தேவலையாம்மா?"

பாராசிட்டமால் சூட்டைத்தான் இறக்கும். கிருமி உள்ளே அப்படியே இருக்கும். ஃப்ளூ என்றால் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலிருந்தே பரவும், பிறகும் ஐந்தாறு நாள் பரவும், அதிலும் முதல் மூன்று நாள்தான் மோசம். இதெல்லாம் படித்துத்தானே வேலைக்கு வந்தோம்? தெரிந்தேதான் போகிறோம். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் உள்ள ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் 536 பேரிடம் கேட்டு 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நோயோடு வேலைக்கு வந்தால் நோயாளிக்கு ஆபத்து என்று 95 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே ஆட்களில் 83 சதவீதம் பேர் முந்தைய ஒரு வருடத்தில் ஒரு தடவையாவது அப்படி வந்திருந்தார்கள். கூட வேலை செய்பவர்களைத் தவிக்க விடக்கூடாது என்பதுதான் அவர்கள் சொன்ன பெரிய காரணம். எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

ஆனால் எங்களுக்குச் சம்பளமும் ஒரு காரணம். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். சரி, மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் தருவார்கள், நல்ல திட்டம்தான். ஆனால் புதிதாக நோய் வந்தால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஃப்ளூ அதிகமாகப் பரவுவதே அந்த நாட்களில்தான். வீட்டில் இருக்கவேண்டிய நாளில்தான் கையில் காசு இல்லாமல் போகிறது.

2020-ல் தும்மினாலே வாசலில் நிறுத்தினார்களே, அப்போது எப்படியோ சமாளித்தோம் அல்லவா? எங்கள் ஊரில் நடவுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றால் பன்னிரண்டு பேரிடம் சொல்லிவைப்பார்கள். யாருக்காவது முடியாமல் போகும் என்பது வயலில் நிற்பவருக்குத் தெரிகிறது. கும்பகோணத்தைச் சுற்றி இத்தனை மருத்துவமனைகள் இருக்கின்றன. நாலைந்து மருத்துவமனைகள் சேர்ந்து இரண்டு மூன்று மாற்று ஆட்களை வைத்துக்கொள்ளக் கூடாதா? காய்ச்சலுக்கு மூன்று நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம், நோயாளிகளின் உறவினர்களுக்கு ஒன்று. "பாவம், காய்ச்சலோடயும் வந்து பாக்குது அந்தப் பொண்ணு" என்று அன்போடுதான் சொல்கிறீர்கள். அதைச் சொல்லாதீர்கள். ஏன் மாற்று ஆள் இல்லை என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். நாங்கள் கேட்டால் வேலை போகும், நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் பெண் நடுங்கிக்கொண்டே வந்தாள். நான் அவளை உள்ளே விடவில்லை. டாக்டரிடம் பேசி இரண்டு நோயாளிகளை மதியத்துக்கு மாற்றினோம், மூன்று மெஷின் மட்டும் ஓட்டினோம். நான் வீடு வந்து சேர இரவு பத்து மணி. அவளுக்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்திருக்கிறார்கள். அதைக் கேட்கத்தான் நாளைக்கு ஆபீஸுக்குப் போகிறேன்.